நாலு பேர் அறையில் ஒன்பதாவது ஆள்

சேவியர்,

செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்ன செய்திக்கு நான் பதில் பேசவில்லை. "யம்மா, லைன்ல இருக்கியா?" என்று மூன்று முறை கேட்டாய். கம்பெனி புதிதாக எடுத்திருக்கும் யூனிட்டுக்கு உன்னைப் போர்மேனாகப் போடுகிறார்கள், திங்கட்கிழமை காலையில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், இருக்க வீடும் கொடுக்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாய். இருபத்திரண்டு வயதில் நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தின் பொறுப்பு. எந்தத் தாயும் கேட்டுப் பூரித்துப் போவாள். நான் "சாப்பிட்டியாய்யா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை அப்பா கையில் கொடுத்துவிட்டேன். உனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். தபாலில் போட்டால் திங்களுக்குள் வந்து சேருமோ என்னவோ, அப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் சிவகாசிக்குப் பஸ் ஏறுவார். முழுவதும் படித்துவிட்டு, பிறகு என் மேல் எவ்வளவு கோபப்பட வேண்டுமோ பட்டுக்கொள். பாதியில் மட்டும் மடித்து வைத்துவிடாதே.

பேச்சியம்மாள் எப்படிச் செத்தாள் என்பது உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அடுத்த தெருப் பேச்சி, செல்வியின் அம்மா. சுனாமி வந்த வருசம், தீபாவளி சீசனில், பட்டாசு செய்யும் பயர் ஆபீசில் எனக்குச் சோறு கொண்டுவந்த இடத்தில் வெடி விபத்தில் மாட்டிக்கொண்டாள் என்றுதான் ஊரில் பேச்சு. நீ அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவள் அடக்கத்துக்கு நீயும் போய் நின்றாய். அந்தப் பேச்சு பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

அப்போது நம் ஊரிலிருந்து கம்பெனி வேனில் இருபத்திரண்டு பெண்கள் போய்க்கொண்டிருந்தோம். அவர்களுக்கு நான்தான் தலை. யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யாரை எந்த அறைக்கு அனுப்புவது என்பதெல்லாம் என் வாயிலிருந்துதான் வரும். பத்தாம் வகுப்பு படித்தவள், கோயிலில் வாசகம் வாசிக்கிறவள் என்று எனக்கு ஒரு மரியாதை இருந்தது. மேனேஜர் மற்ற பெண்களைச் சேலை நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "ஏ, பச்ச சேல, இங்கன வா" என்பார். என்னை மட்டும் "யக்கா" என்பார். அது எனக்குப் பிடித்திருந்தது, சேவியர். அதை இப்போது ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. மற்றவர்களுக்குப் பெயர் இல்லாத இடத்தில் எனக்கு மட்டும் ஒரு மரியாதை கிடைத்தால் அது எப்படிப்பட்ட மரியாதை என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

காகிதக் குழாயில் வெடிமருந்து செலுத்தும் அறையை நீ பார்த்திருக்கிறாய். நாலு பக்கமும் வாசல், தரையில் ரப்பர் விரிப்பு, வெளிச் சுவரில் வெள்ளைப் பெயிண்டில் 'ஆட்கள் 4' என்று எழுதியிருக்கும். நாலு பேர் என்றால் ஆளுக்கு ஒரு வாசல். ஏதாவது ஆனால் அவரவர் வாசல் வழியாக ஓடிவிடலாம். இதைப் படிக்காத பெண்ணுக்குக் கூடத் தெரியும். ஆனால் சீசன் வந்துவிட்டால் அந்த எழுத்து வெளியிலிருந்து வருகிறவர்கள் பார்ப்பதற்கு என்று ஆகிவிடும். அன்று காலை பத்து மணி வாக்கில் போர்மேன் என்னிடம் வந்தார். நல்ல மனிதர்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "யக்கா, சாயந்தரம் லோடு போயாகணும். மேனேஜர் என்னைய நிக்க விட மாட்டேங்காரு. ஏழாம் நம்பர் ரூம்ல இன்னும் அஞ்சு பேர உக்கார வைங்க" என்றார். ஏற்கெனவே நாலு பேர் உள்ளே இருந்தார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. யார் யாரை அனுப்பலாம் என்றுதான் யோசித்தேன். நாலு பேரை அனுப்பிவிட்டேன். ஒன்பதாவது ஆளுக்குப் பேச்சியிடம் போனேன்.

பேச்சி லேபிள் ஒட்டுகிற பகுதியில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சீசனுக்கு மட்டும் வரும் ஆள் என்பதால் எந்த ரிஜிஸ்டரிலும் அவள் பெயர் ஏறவில்லை. "எனக்கு மருந்து வேல தெரியாதேக்கா. நான் இங்கனயே ஒட்டிக்கிட்டு இருக்கேனே" என்றாள். நான், "எம்புட்டு நேரம் ஆகப் போகுது, மத்தியானம் வரைக்கும்தான். எனக்காக வா பேச்சி" என்றேன். கையிலிருந்த பசையைச் சேலை முந்தியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். எனக்காகத்தான் வந்தாள். அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டு, காகிதக் குழாய் எடுத்துவர நான் ஷெட்டுக்குப் போனேன். குழாய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்புவதற்குள் சத்தம் கேட்டது. ஒன்பது பேருக்கு நாலு வாசல். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் வெளியே வந்து விழுந்தார்கள். மூன்று பேருக்கு உடம்பெல்லாம் தீக்காயம். நடுவில் உட்கார்ந்திருந்தவள் பேச்சி. வேலை தெரியாதவள் என்பதால், பார்த்துப் பழகட்டும் என்று நான்தான் அவளை நடுவில் உட்காரச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மேனேஜர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் எங்களுக்குச் சமமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "யக்கா, பேச்சியம்மா பேரு எதுலயும் இல்ல. ரூம்ல ஒம்போது பேருன்னு வெளிய வந்தா லைசென்ஸ் போயிரும். ஆபீச மூடிருவாக. நம்ம ஊரு பொம்பளைக அம்புட்டு பேரும் எங்கன போவாக? அவ ஒங்களுக்குச் சோறு கொண்டாந்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். போனவ திரும்பி வரப் போறதில்ல" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க மகன் நல்லாப் படிக்கானாமே. அவன் காலேஜு செலவ முதலாளி பாத்துக்கிடுவாக. நான் பொறுப்பு" என்றார். விசாரிக்க வந்த அதிகாரி மறுநாள் கேட்டபோது நான் சோறு கொண்டுவந்தாள் என்று சொன்னேன். எழுதிக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். வேனில் கூட வந்த பெண்களும் ஆபீசை மூடிவிடுவார்கள் என்று பயந்து அதையே சொன்னார்கள். ஊர்ப் பெண்களின் பிழைப்புக்காகச் சொன்னேன் என்று பல வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மேனேஜர் உன்னைப் பற்றிச் சொன்ன பிறகுதான் என் அழுகை நின்றது. அதுவும் உண்மை.

செல்வி அப்போது ஒன்பதாம் வகுப்பு. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்துப் பாவாடை, தலை வாரவில்லை. "பெரியம்மா, அம்மா சோறு கொண்டு போனான்னு சொன்னீகளாமே. அம்மா காலைல ஒங்க கூடத்தான வேன்ல ஏறுனா? நான் பாத்தேனே" என்றாள். அவள் சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். பெரியவர்கள் சொல்வதில் தான் எதையோ தவறவிட்டுவிட்டோமோ என்பதுபோல இருந்தது அவள் முகம். நான், "நீ சின்னப் பிள்ள, ஒனக்கு அதெல்லாம் தெரியாது, போ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். நீ அப்போது உள்ளே படித்துக்கொண்டிருந்தாய். யாரும்மா என்று கேட்டாய். யாருமில்லை என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. நீ கெமிஸ்ட்ரி படித்தாய். ஹாஸ்டல், புத்தகம், போர்மேன் சான்றிதழ் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொண்டது. "எத்தனையோ பேரு இருக்கையில என்னைய ஏன்மா தேர்ந்தெடுத்தாங்க?" என்று ஒருமுறை கேட்டாய். உன் மார்க்கைப் பார்த்துத்தான் என்று சொன்னேன். உன் மார்க் நல்ல மார்க்தான், அதில் பொய்யில்லை. ஆனால் கம்பெனி அதைப் பார்க்கவில்லை. பேச்சியின் வீட்டுக்காரருக்குக் கண் பார்வை மங்கல். அவர் சாத்தூர் வக்கீல் ஒருவர் மூலமாக மதுரைக் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். பேச்சி எங்கள் ஆளே இல்லை என்று கம்பெனி பதில் போட்டது. அதற்கு ஆதாரம் என் கையெழுத்து. வழக்கு வருசக் கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. செல்வி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். காலையில் நான் கம்பெனி வேனுக்கு நிற்கும் இடத்தில்தான் அவளும் பஸ்சுக்கு நிற்பாள். ஐந்து வருசம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்காமல் நிற்கக் கற்றுக்கொண்டேன்.

நீ காலேஜில் இருந்த சமயத்தில்தான் நம் பங்குக் கோயிலுக்கு இப்போதைய பங்குச்சாமி வந்தார். வந்த முதல் வருசமே திருவிழாவுக்குக் கம்பெனி கொடுக்கும் வாணவேடிக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு ஊரே கோபப்பட்டது. உன் அப்பா விழாக் கமிட்டியில் இருந்து விலகி வீட்டில் வந்து சத்தம் போட்டார். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடும் அன்பியக் கூட்டங்களில் அதுவரை ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி முடிப்போம். இவர், வேலையைப் பற்றி, கூலியைப் பற்றி, சொத்தைப் பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு மாதமும் எடுத்துப் பேசினார். வேலை செய்கிற ஆளைவிட அந்த வேலை ஒருநாளும் பெரிதாக முடியாது என்றார். பூமியும் அதில் விளைகிறதும் யார் பெயரில் பட்டா இருந்தாலும் எல்லாருக்கும் பொது, இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு என்றார். மேலத்தெரு ஞானம் எழுந்து, "சாமி, நீங்க மாசத்துக்கு ஒருநா வந்து நீதி பேசிட்டுப் போயிருவீக. பயர் ஆபீச மூடிட்டா நாங்க எதத் திங்கிறது? மழையும் இல்ல, காட்டுல வெள்ளாமையும் இல்ல" என்று கேட்டாள். சாமி தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த மாதக் கூட்டத்தில், "ஞானம் கேட்டதையே நெனச்சிக்கிட்டு இருந்தேன். மூடச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. நாலு பேர் ரூம்ல நாலு பேர்தான் இருக்கணும்னு நாம எல்லாரும் சேந்து சொன்னா அதுக்குப் பேரு மூடுறதா?" என்று கேட்டார்.  எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது.

அதே கூட்டத்தில்தான், வருங்காலத் தலைமுறைக்கு என்ன விட்டுப் போகப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருத்தி வீடு என்றாள், ஒருத்தி நகை என்றாள். என் முறை வந்தபோது, "எம் மகன் படிப்பு சாமி" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சாமி, "நல்லது. வருங்காலத் தலைமுறைன்னு நான் கேட்டதுக்கு நீங்க எல்லாரும் அவங்கவங்க பிள்ளையச் சொல்றீங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதுல சேத்தியா இல்லையா?" என்றார். அவருக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது. எல்லாருக்கும் பொதுவாகத்தான் கேட்டார். எனக்கு மட்டும் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் செல்வியின் பின்னந்தலை கண்ணில் நின்றது. நான் என் பிள்ளைக்கு ஒரு எதிர்காலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். நான் கட்டவில்லை, சேவியர். இன்னொரு பிள்ளையிடமிருந்து எடுத்து உனக்குக் கொடுத்தேன்.

அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன், கிடைக்கும் என்றார். ஐந்து ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "கடவுள் மன்னிப்பார். அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா எடுத்தத எடுத்த இடத்துல வைக்காம நீங்க எந்திரிச்சுப் போக முடியாதும்மா. நீங்க சொன்ன பொய்ய அந்தக் கேசு நடக்குற கோர்ட்ல நீங்களே மாத்திச் சொல்லணும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். இங்கே நான் இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். தலையாட்டியவள் உடனே போகவில்லை. உனக்குக் கடைசி வருசம் மீதி இருந்தது. பிறகு போர்மேன் தேர்வு. பிறகு வேலையில் சேர்வது. ஒவ்வொன்றும் முடியட்டும், முடியட்டும் என்று ஒன்றரை வருசம் தள்ளிப்போட்டேன். பொய் சொன்னது ஒரு நிமிசத்துப் பயத்தில் என்று சொல்லித் தப்பிக்கலாம். இந்த ஒன்றரை வருசத் தள்ளிப்போடலை நான் தினமும் காலையில் எழுந்து தெரிந்தே செய்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாம் நம்பர் அறை, நான் கூப்பிட்டது, நடுவில் உட்கார வைத்தது, மேனேஜர் சொன்னது, உன் படிப்பு. அவள் துவைப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் துணியைப் பிழிந்து வைத்துவிட்டு, "சேவியர் அண்ணன் படிச்சு முடிச்சிட்டாகளா?" என்று கேட்டாள்.

"முடிச்சிட்டான்" என்றேன்.

"வேலைக்கும் சேந்துட்டாகளா?"

"சேந்துட்டான்."

"அதான் வந்திருக்கீக" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மறுபடியும் குனிந்து அடுத்த துணியை எடுத்தாள். "கோர்ட்ல வந்து சொல்லுவீகளா? இல்ல எங்கிட்ட சொல்லிட்டுப் போகத்தான் வந்தீகளா?" என்றாள். வந்து சொல்கிறேன் என்றேன். "அப்ப வக்கீல் நம்பர் அப்பாகிட்ட இருக்கு, வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வக்கீல் என் பெயரைச் சாட்சிப் பட்டியலில் சேர்த்துக் கொடுத்தார். முதலில் பொய் சொன்னதற்கு என் மேலேயே நடவடிக்கை வரலாம், யோசித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நாலு நாளில் மேனேஜர் நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ். "யக்கா, சவுக்கியமா இருக்கீகளா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். கோர்ட்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. "புது யூனிட்டுக்குச் சேவியரையே போர்மேனாப் போடலாம்னு முதலாளி நெனைக்காக. சின்ன வயசுல எம்புட்டுப் பெரிய பொறுப்பு. இந்த நேரத்துல நீங்க மதுரைக்கெல்லாம் அலையணுமா? ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்றார். உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆலங்குளம் சுண்ணாம்புக் குவாரியில் இருபது வருசம் வேலை பார்த்து நெஞ்சில் தூசியைச் சேர்த்துக்கொண்ட மனிதர், ஒரு வார்த்தை பேச இரண்டு தடவை இருமுவார். ஆரம்பத்திலிருந்து அவருக்கு எல்லாம் தெரியும். விட்டுத்தொலை, விட்டுத்தொலை என்று ஐந்து வருசமாகச் சொல்லி வந்தவர். மேனேஜர் போன பிறகு அந்த ஸ்வீட் பெட்டியை எடுத்துத் தள்ளி வைத்தார். பிறகு, "மொதல்ல அவன் படிப்ப வச்சுப் பேசுனாக. இப்ப அவன் உசுர வச்சுப் பேசுறாகளா?" என்றார். மறுநாள் எனக்கு முன்பாகவே எழுந்து, மதுரைக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வந்துவிட்டார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் உன் போன் வந்தது. நேற்று, வியாழக்கிழமை, நான் கோர்ட்டில் சாட்சி சொன்னேன்.

சின்ன அறை. மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. செல்வியும் அவள் அப்பாவும் பின் பெஞ்சில் இருந்தார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லி முடித்தேன். கம்பெனி வக்கீல் எழுந்து, "அஞ்சு வருசத்துக்கு முன்னால சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?" என்றார். அப்போது சொன்னது பொய் என்றேன். "அப்ப எதுக்காகப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டார். ஊர்ப் பெண்கள் பிழைப்பு என்று சொல்லலாம், பயம் என்று சொல்லலாம். வாய்வரைக்கும் வந்தது. "எம் மகன் படிப்புக்காக" என்றேன். டைப் அடித்துக்கொண்டிருந்தவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. நிமிர்ந்து, "என்னம்மா, மறுபடியும் சொல்லுங்க" என்றார். மறுபடியும் சொன்னேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. உன் பெயரை வழக்கை விசாரித்த அதிகாரி கேட்டார், சொன்னேன். இப்போது எங்கே வேலை என்று கேட்டார், அதையும் சொன்னேன். அதெல்லாம் எழுத்தில் ஏறிவிட்டது. நாளைக்கு யாராவது உன்னிடம் வந்து, உன் டிகிரி எப்படி வந்தது தெரியுமா என்று கேட்டால், நீ என்னிடமிருந்து முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். என்ன தீர்ப்பு வரும் என்று தெரியவில்லை. கம்பெனி வக்கீல் பேசித் தீர்த்துக்கொள்ள அவகாசம் கேட்டார். ஆனால் பேச்சியம்மாள் அந்த அறையில் ஒன்பதாவது ஆளாக உட்கார்ந்து வேலை செய்தாள் என்பதை இனி யாரும் அழிக்க முடியாது.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். உன்னைவிட அனுபவசாலிகள் நாலைந்து பேர் அங்கே இருக்கும்போது உன்னை ஏன் போடுகிறார்கள் என்று யோசித்துப் பார். கையெழுத்துப் போட்டால் அங்கே நடக்கும் எல்லாவற்றுக்கும் நீ ஆள். அன்றைக்கு என்னிடம் வேர்த்து விறுவிறுத்து வந்த போர்மேன் ஜெயிலுக்குப் போனார். மேனேஜரோ முதலாளியோ போகவில்லை. அந்தப் போர்மேன் இப்போது சாத்தூர் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறார், இந்தத் தொழில் பக்கமே திரும்பவில்லை. நீ போகப் போகிற யூனிட்டில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் நம் அன்பியத்துக்கு வருகிறார்கள். ஒவ்வொரு அறையிலும் ஏழெட்டுப் பேர், ஆர்டர் கூடினால் வேப்பமரத்தடியிலும் சாக்கை விரித்து வேலை என்று சொன்னார்கள். முந்தைய போர்மேன் எதிர்த்துக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

ஓடி வந்துவிடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது எனக்கு எளிது. நீ வந்துவிட்டால் அங்கே வேறொரு பையன் கையெழுத்துப் போடுவான். அந்தப் பெண்கள் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். என் பிள்ளை தப்பித்தால் போதும் என்று மறுபடியும் நினைத்தால் இத்தனை நாள் நான் பட்டதற்கு அர்த்தமே இல்லை. அந்தப் பெண்களுக்குக் கூலி வேண்டும், சாயந்தரம் வீட்டுக்குத் திரும்பவும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம் என்று அவர்களை நாம் பழக்கி வைத்திருக்கிறோம். நீ கெமிஸ்ட்ரி படித்தவன். எந்த மருந்து எந்தச் சூட்டில், எந்த உராய்வில் பற்றும் என்று எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். முதல் நாள் காலையில் ஒரு அறை வாசலில் நின்று ஐந்தாவது பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பி, வேறு வேலைக்கு அனுப்ப உன்னால் முடியுமா? மேனேஜர் லோடு, லோடு என்று கத்தும்போது மறுநாளும் அதையே செய்ய முடியுமா? அப்படிச் செய்ய உனக்கு அதிகாரம் உண்டு என்று அவர்கள் எழுதிக் கொடுப்பார்களா? கொடுத்தால் போடு. கொடுக்காவிட்டால் பேனாவை மூடி வைத்துவிட்டு வா. வேலை போனால் போகட்டும். அந்தப் படிப்பை உன் தலையிலிருந்து யாரும் திரும்ப எடுக்க முடியாது. அது செல்விக்கும் சேர வேண்டியது என்பதை மட்டும் நீ மறக்கக் கூடாது. போர்மேன் அன்று கேட்டபோது நான், ரூம்ல நாலு பேருக்கு மேல விட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என்ன ஆகியிருக்கும்? என்னைத் தலைமையிலிருந்து எடுத்திருப்பார்கள். அவ்வளவுதான்.

நேற்று திரும்பி வரும்போது நானும் செல்வியும் ஒரே பஸ். அவள் அப்பாவுக்கு முன்னால் இடம் கிடைத்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் இருவருக்கும் பின்னால் ஒரே சீட்தான் இருந்தது. திருமங்கலம் தாண்டும்வரை அவள் ஜன்னலைப் பார்த்தே வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "பெரியம்மா, அன்னைக்குக் காலைல வேன்ல அம்மா என்ன பேசிட்டு வந்தா?"

எனக்கு ஒரு நிமிசம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. பேச்சி அன்று வேனில் வரவே இல்லை என்று நான் சொல்லிவிட்டதால், ஐந்து வருசமாக இந்தப் பிள்ளை தன் அம்மாவின் கடைசிக் காலையைப் பற்றி யாரிடமும் கேட்க முடியாமல் இருந்திருக்கிறாள். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று மனம் துடித்தது. உன்னைப் பற்றித்தான் பேசினாள், உன் படிப்பைப் பற்றிப் பேசினாள் என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள். ஆனால் பேச்சி அன்று எதுவும் பேசவில்லை.

"பேசலம்மா" என்றேன். "ஏறுனதும் தூங்கிட்டா. ஆபீஸ் வாசல் வாரவரைக்கும் எந்தோள்ல சாஞ்சு தூங்கிக்கிட்டுதான் வந்தா."

செல்வி அப்போதுதான் திரும்பினாள். "எந்தத் தோள்ல?" என்று கேட்டாள்.

இடது தோளைத் தொட்டுக் காட்டினேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நம் ஊர் வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்து இறங்கிப் போனாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அம்மா